முதலில் பெயரைக் கேட்காதீர்கள்: காவல் நிலைய ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் காவல் நிலைய ஆய்வாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த மடலை டிஜிபி அவர்களுக்குத்தான் எழுதியிருக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அவருக்கு எழுதினால் அது சுற்றறிக்கையாகும். சுற்றறிக்கை கோப்புக்குள் போகும். கோப்பு உங்கள் ரைட்டர் மேசையின் கீழ் இழுப்பறையில் படுத்துக்கொள்ளும். சாலையில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வருகிறவரைப் பெயர்கூடச் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்று, ஏற்கெனவே அப்படிப் படுத்துக் கிடக்கிற ஒரு விதியைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்பதால் நேராக உங்களிடமே வருகிறேன்.

ஜிஎஸ்டி சாலையோரம் பேட்டரிக் கடை வைத்திருப்பவன் நான். ஆட்டோக்காரர்கள், லோடு வண்டிக்காரர்கள், கால் டாக்ஸி ஓட்டுகிறவர்கள் என்று சாயங்காலம் நாலு பேர் கடை வாசலில் நிற்பார்கள். சாலையில் யாராவது அடிபட்ட பேச்சு வந்தால் கடைசியில் ஒருவர் சொல்லிவிடுவார்: "நமக்கெதுக்குங்க வம்பு." எந்த வம்பு என்று கேட்டுப் பாருங்கள். ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட்டு, வாய்தா என்று வரிசையாகச் சொல்வார்கள். அடிபட்டவரைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை வராது. ரத்தத்தைப் பார்த்து பயப்படுகிற ஆட்களும் இல்லை இவர்கள். பயமெல்லாம் அதற்கு அப்புறம் நடக்கப்போவதைப் பற்றித்தான். கோபித்துக்கொள்ளாமல் மேலே படியுங்கள்.

இப்படி யாராவது உதவாமல் ஒரு உயிர் போய்விட்டால் நம் ஊரில் உடனே மனிதநேயம் செத்துவிட்டது என்று இரங்கல் கூட்டம் போட்டுவிடுவோம். 2016 ஜூன் 24 காலையில் நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். சுற்றிலும் பயணிகள் இருந்தும் கொன்றவன் தப்பிப் போய்விட்டான். உடல் வெகுநேரம் அப்படியே கிடந்தது. நிலையத்தில் சிசிடிவி இல்லை என்பது அப்புறம்தான் ஊருக்குத் தெரிந்தது. ஆனால் அந்த வாரம் முழுக்கப் பேச்சு எல்லாம் சென்னைக்காரனுக்கு நெஞ்சில் ஈரமில்லை என்பதாகத்தான் இருந்தது.

அதற்கு ஆறேழு மாதம் முன்னால்தான், 2015 டிசம்பரில், இதே சென்னை தண்ணீரில் கிடந்தது. மீனவர்கள் படகுகளைக் கொண்டுவந்து தெருத்தெருவாக ஆட்களை ஏற்றினார்கள். முன்பின் தெரியாதவர்களுக்குப் பள்ளிவாசல்களும் கல்யாண மண்டபங்களும் திறந்தன. இடுப்பளவுத் தண்ணீரில் பால் பாக்கெட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தவர்களை நாமே பார்த்தோம். ஆறு மாதத்தில் ஒரு ஊரின் ஈரம் வற்றிவிடுமா?

வெள்ளத்துக்கும் நடைமேடைக்கும் வித்தியாசம் இருக்கிறது. வெள்ளத்தில் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், யோசிக்க நேரமும் இருந்தது. படகில் ஒருவரை ஏற்றியதற்காக எந்த மீனவரையும் யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. நடைமேடையில் எல்லாம் நொடிகளில் முடிந்துவிட்டது. எதிரே அரிவாள். கொலை என்றால் கேஸ் வருடக்கணக்கில் நடக்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அரிவாளுக்கு முன்னால் போய் நில் என்று யாரையும் சொல்ல எனக்கு வாய் வராது. நான் கேட்பது சாலை விபத்தைப் பற்றி. அங்கே அரிவாள் கிடையாது. 2022இல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். செத்தவர்கள் 17,884 பேர். இதில் எத்தனை பேரைச் சுற்றி ஆள் நின்றிருக்கும், எத்தனை பேரை அரைமணி நேரம் முன்னால் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

கூட்டம் ஏன் நின்று வேடிக்கை பார்க்கிறது என்பதை ஆராய்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜான் டார்லி, பிப் லதானே என்ற இரண்டு உளவியலாளர்கள் 1968இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து மைக் வழியாகப் பேசவிட்டார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு குரலுக்கு வலிப்பு வந்து திணறும். அது முன்பே பதிவு செய்த நடிப்பு. அந்தக் குரல் தனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் அது அடங்குவதற்குள் எழுந்து ஓடினார்கள். இன்னொருவரும் கேட்கிறார் என்று நினைத்தவர்களில் 62 சதவீதம். தன்னைத் தவிர இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான்.

இதைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா, மனிதனே இவ்வளவுதான் என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்த ஆய்வை எழுதியவர்கள் அப்படிச் சொல்லவில்லை. எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தவர்களின் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்திருந்தது. சோதனை நடத்தியவர் உள்ளே வந்ததும் "அவருக்கு ஒன்றுமில்லையே, யாராவது பார்த்துக்கொள்கிறார்களா" என்று கேட்டார்கள். போகவா வேண்டாமா என்று இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவித்திருக்கிறார்கள். கல்நெஞ்சக்காரனுக்குக் கை ஏன் நடுங்கப்போகிறது?

அதே இருவரும் இன்னொன்று செய்தார்கள். ஒருவர் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும் அறைக்குள் புகை வரும். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே போய்ச் சொன்னார்கள். பக்கத்தில் புகையைக் கண்டுகொள்ளாத மாதிரி நடிக்கிற இரண்டு பேரை உட்காரவைத்தபோது 10 சதவீதம் பேர்தான் சொன்னார்கள். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு படிவத்தை நிரப்பினார்கள். நம் சாலையிலும் இதுதான் நடக்கிறது. பைக் விழுந்த சத்தம் கேட்டதும் பத்துப் பேர் திரும்புகிறார்கள். பத்துப் பேரும் அடிபட்டவரைப் பார்த்துவிட்டு அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறார்கள். எல்லா முகமும் சும்மா இருப்பதால் ஒன்றும் பெரிதாக இல்லை போலிருக்கிறது என்று தோன்றிவிடுகிறது. 108க்கு யாராவது போட்டிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைக்க, யாரும் போடாமலே நிமிடங்கள் போய்விடுகின்றன. போன் கையில்தான் இருக்கும், கேமராவும் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் தூண்டுதலாக இருந்தது ஒரு கொலை. 1964 மார்ச் 13 அதிகாலை, நியூயார்க்கின் கியூ கார்டன்ஸ் பகுதியில் 28 வயதுப் பெண் ஒருவர் வீட்டு வாசலருகே குத்தப்பட்டு இறந்தார். முப்பத்தெட்டுப் பேர் அரைமணி நேரத்துக்கும் மேலாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், ஒருவரும் போலீசைக் கூப்பிடவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் ஏறிவிட்ட கதை அது. அப்புறம் கிளறிப் பார்த்தால் பாதிக்கு மேல் ஊதிப் பெருக்கியது. முழுச் சம்பவத்தையும் பார்த்தவர் என்று யாருமே இல்லை. பெரும்பாலோருக்கு ஏதோ கூச்சல் கேட்டது, அவ்வளவுதான். போலீசைக் கூப்பிட்டோம் என்று பிற்பாடு சொன்னவர்களும் இருக்கிறார்கள். பக்கத்துக் குடியிருப்புப் பெண் ஒருவர் கொலைகாரன் இன்னும் அங்கே இருக்கிறானா என்றுகூடத் தெரியாமல் கீழே ஓடிப்போய், உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றிப் பத்திரிகை எழுதவில்லை. அந்தக் காலத்தில் அவசரத்துக்குக் கூப்பிட ஒற்றை எண்ணும் அங்கே கிடையாது. 911 வந்ததே 1968இல்தான். அதுவரை உள்ளூர் ஸ்டேஷன் எண்ணையோ டெலிபோன் ஆபரேட்டரையோ பிடித்துத்தான் சொல்ல வேண்டும். இந்த விவரமெல்லாம் விட்டுப்போய், நகரத்து மனிதனுக்கு இதயமில்லை என்பது மட்டும் நிலைத்துவிட்டது.

2019இல் வெளியான ஒரு ஆய்வு இதற்கு நேர் எதிரான படத்தைக் காட்டியது. ஆம்ஸ்டர்டாம், இங்கிலாந்தின் லங்காஸ்டர், தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் ஆகிய மூன்று ஊர்களின் தெருக் கேமராப் பதிவுகளில் இருந்து 219 சண்டைகளை எடுத்துப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பதில், கூட்டத்திலிருந்து குறைந்தது ஒருவராவது குறுக்கே போய்த் தடுத்திருக்கிறார். ஆள் கூடக்கூட யாராவது ஒருவர் வருவதற்கான வாய்ப்பும் கூடியது. தனி ஆளாகப் பார்த்தால் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தயங்கலாம். ஆனால் மொத்தமாகப் பார்த்தால் யாரோ ஒருவருக்குக் கால் நகர்ந்துவிடுகிறது. அந்த முதல் ஆள் எப்படியோ வந்துவிடுகிறார். அவர் நம் ஊரிலும் இருக்கிறார்.

அவருக்கு அப்புறம் என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி. உங்களுக்கு எழுதுவதும் அதனால்தான்.

எங்கள் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒருவர், ஒருநாள் மாலை சாலையில் விழுந்து கிடந்த பைக் ஓட்டியவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். உள்ளே இருந்த பயணிகள் இறங்கி வழிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கிற போலீஸ் அவுட்போஸ்ட்டில் முதல் கேள்வி, "உன் வண்டிதானே இடிச்சது?" இல்லை என்றார். பேரு, அப்பா பேரு, லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ் என்று ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் ஸ்டேஷனுக்கு வா என்றார்கள். அங்கே, ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்கார், உட்காரு. மறுநாளும் வா. சாவி அங்கேயே இருந்தது. அடிபட்டவர் கண்விழித்து, நாய் குறுக்கே வந்தது என்று தன் வாயால் சொன்ன பிறகுதான் ஆட்டோ திரும்பக் கிடைத்தது. யாரும் அடிக்கவில்லை, பணம் கேட்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். ஆனால் இரண்டு நாள் கலெக்‌ஷன் போய்விட்டது, டியூ கட்ட வேண்டிய வாரம்.

இந்தக் கதை எங்கள் ஸ்டாண்டில் ஒவ்வொரு ஆட்டோக்காரருக்கும் தெரியும். உதவப் போகிறவரைக் காப்பாற்றுகிற 134ஏ சட்டப் பிரிவு ஒருவருக்கும் தெரியாது.

உங்களுக்கு அது தெரிந்திருக்கும். இருந்தாலும் இந்த மடலை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். 1989இல் பரமானந்த் கட்டாரா என்பவர் தொடுத்த வழக்கில், அடிபட்டு வருகிறவருக்கு முதலில் சிகிச்சை, சட்ட நடைமுறையெல்லாம் அப்புறம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கின் பின்னணியும் இதேபோல்தான். ஸ்கூட்டரில் போகும்போது அடிபட்ட ஒருவரை வழிப்போக்கர் தூக்கிக்கொண்டு ஒரு மருத்துவமனைக்குப் போக, இது போலீஸ் கேஸ், இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற இன்னொரு மருத்துவமனைக்குப் போ என்று அனுப்பிவிட்டார்கள். போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. தூக்கிக்கொண்டு வந்தவர் தன் கடமையில் ஒரு குறையும் வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சேவ்லைஃப் என்ற அமைப்பு 2013இல் எடுத்த கணக்கில், படுகாயமடைந்தவருக்கு உதவ முன்வர மாட்டோம் என்கிற போக்கில் 74 சதவீதம் பேர் பதில் சொன்னார்கள். ஏன் என்று கேட்டதற்கு அவர்களில் 88 சதவீதம் பேர் காட்டிய காரணம் போலீஸ் விசாரணையும் கோர்ட் அலைச்சலும். அந்த அமைப்பைத் தொடங்கிய பியூஷ் திவாரி, 2008இல் டெல்லியில் பள்ளி விட்டு வந்த தன் உறவுக்காரப் பையனைச் சாலை விபத்தில் பறிகொடுத்தவர். பையனைக் கடந்து போனவர்கள் நிறையப் பேர், நின்றவர் யாருமில்லை. அந்த அமைப்பு 2012இல் உச்ச நீதிமன்றம் போனது. மத்திய அரசு 2015 மே மாதம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றை நாடு முழுவதும் கட்டுப்படுத்தும் என்று ஆக்கியது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவாக அது உள்ளே வந்தது. 2020 செப்டம்பரில் அதற்கான விதிகள், 168உம் 169உம்.

அந்த இரண்டு விதிகளையும் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள், இவ்வளவு மரியாதையான வாசகங்கள் நம் சட்டப் புத்தகங்களில் அபூர்வம். உதவிக்கு வந்தவரை அவர் பெயர், அடையாளம், முகவரி எதையும் சொல்லும்படி எந்தக் காவலரும் வற்புறுத்தக் கூடாது. அவராக விரும்பிச் சொன்னால் வாங்கிக்கொள்ளலாம். அவர் சாட்சியாக இருக்க மனமுவந்து ஒப்புக்கொண்டால்தான் விசாரணை. அதுவும் அவருக்கு வசதியான இடத்தில், வசதியான நேரத்தில், வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ. விசாரிக்கப் போகிறவர் சீருடையில் போகக் கூடாது. அவரே ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்றால், ஒரே தடவையில் முடித்து அனுப்ப வேண்டும். நல்ல எண்ணத்தில் செய்த உதவியின்போது ஏதாவது தவறிப்போனாலும் அவர்மேல் சிவில் வழக்கோ குற்ற வழக்கோ வராது என்பது 134ஏ.

சாதாரண உடையில் போக வேண்டும் என்ற வரியை எழுதியவர் யாரோ தெரியாது, அவருக்கு ஒரு கும்பிடு. போலீஸ் ஜீப் வந்து நின்ற வீட்டைத் தெரு எப்படிப் பார்க்கும் என்பது தெரிந்த ஆள். குறிப்பாகப் பெண்கள் இந்த பயத்தில்தான் ஒதுங்குகிறார்கள். என் கடைக்கு வரும் ஒரு செவிலியர் சொன்னார்: "தூக்கறதுக்கு எனக்கு என்னண்ணா பயம், அதுதானே என் வேலை. ராத்திரி பத்து மணிக்கு ஸ்டேஷன்ல இருந்து போன் வந்தா எங்க மாமியாருக்கு யார் பதில் சொல்றது?"

சரி, உங்கள் பக்கம் ஒன்றுமில்லையா? இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து ஏஆர் என்கிற விபத்துப் பதிவேட்டுக் காப்பி வந்துவிடும், எஃப்ஐஆர் போட்டாக வேண்டும். இடித்த வண்டி எது என்று தெரியாது. கண்ணால் பார்த்த ஒரே ஆளும் பெயர் சொல்லாமல் போய்விட்டால் கேஸை எப்படி நடத்துவது என்று கேட்பீர்கள். நாளைக்கு அந்தக் குடும்பம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நிற்கும்போது சாட்சி இல்லையே என்று உங்களைத்தான் திட்டும். நியாயம். இடித்தவரே தூக்கிக்கொண்டு வந்து, சாலையில் கிடந்தார் சார் என்று சொல்வதும் நடக்கிறது, அதையும் மறுக்க மாட்டேன். சந்தேகப்படவே கூடாது என்று நானும் சொல்லவில்லை, சட்டமும் சொல்லவில்லை. வண்டியில் அடையாளம் இருந்தால் தாராளமாகச் சந்தேகப்படுங்கள். ஆனால் இடித்த வண்டிக்கு நசுங்கல் முன்னால் பம்பரிலோ பக்கத்திலோ இருக்கும். தூக்கிவந்த வண்டிக்கு ரத்தம் பின் சீட்டில் இருக்கும். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். அதற்கு இரண்டு நாள் சாவியைப் பிடுங்கி வைக்க வேண்டாம்.

சாட்சி வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்: கட்டாயப்படுத்திப் பிடித்த சாட்சியால் உங்களுக்கு என்ன லாபம்? கோர்ட்டில் ஏறி, இருட்டாக இருந்தது, சரியாகப் பார்க்கவில்லை என்பார், கேஸ் அங்கேயே படுத்துவிடும். மரியாதையாக அனுப்பிவைத்த ஆள் மறுநாள் தானாகப் போன் செய்து, வெள்ளை நிறக் கார் சார், நம்பரில் கடைசி இரண்டு எண் ஞாபகம் இருக்கிறது என்று சொல்ல வாய்ப்புண்டு. இடித்த வண்டி கடைசிவரை கிடைக்காமலே போனாலும் குடும்பம் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. இடித்துவிட்டு ஓடிய வழக்குகளில் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் என்று 2022 ஏப்ரலிலிருந்து இழப்பீடு இருக்கிறது. அதை வாங்கித்தர உதவிக்கு வந்தவரின் ஆதார் எண் தேவைப்படாது.

நேரம் என்பதையும் யோசியுங்கள். 1973இல் வெளியான ஓர் ஆய்வில் டார்லியும் டேனியல் பேட்சன் என்பவரும் பிரின்ஸ்டனில் மதகுருப் பயிற்சி மாணவர்களை வைத்து ஒன்று செய்து பார்த்தார்கள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய் உரையாற்ற வேண்டும். வழியில் ஒருவர் இருமிக்கொண்டு சுருண்டு கிடப்பார். அவசரமில்லாமல் போனவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். நேரமாகிவிட்டது ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர். இதில் வேடிக்கை, அவர்களில் பாதிப் பேர் பேசப் போன தலைப்பே பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதை. அடிபட்டுக் கிடந்தவனைக் கழுதைமேல் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்த அந்த வழிப்போக்கனின் பெயரால்தான் நம் சட்டமும் உதவுகிறவர்களைக் குறிப்பிடுகிறது. அந்தக் கதையில் சத்திரக்காரர் சமாரியனின் பெயரைக் கேட்டதாக ஒரு வரியும் கிடையாது. காசை வாங்கிக்கொண்டார், ஆளைப் பார்த்துக்கொண்டார், வந்தவன் மறுநாள் தன் வழியே போய்விட்டான்.

காலையில் எட்டரை மணிக்குத் தாம்பரத்தில் வண்டி ஓட்டுகிறவர் யாருக்குத்தான் அவசரம் இல்லை? இருபது நிமிடம் போகும் என்றால் நிற்பார். இரண்டு நாள் போகும் என்று கேள்விப்பட்டிருந்தால் ஆக்சிலேட்டரைத் திருகுவார். அந்த இருபது நிமிடத்தை இரண்டு நாளாக்குவதும் ஆக்காமல் விடுவதும் உங்கள் ஸ்டேஷன் வாசலில் நடக்கிற காரியம்.

பணம் கொடுத்து இதைச் சரிசெய்யலாம் என்று அரசு நினைக்கிறது. உதவியவருக்கு 5,000 ரூபாய் என்று 2021 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, 2025இல் அதை 25,000 ஆக்கியிருக்கிறார்கள். கொடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் எங்கள் வாசலில் நிற்கிற யாரும் காசு கிடைக்கவில்லை என்று போகாமல் இருக்கவில்லை. அந்தப் பணத்தை வாங்கவும் உங்கள் சான்றுதான் வேண்டும், அதற்கு மறுபடியும் ஸ்டேஷன் படி ஏற வேண்டும். இதைவிட நம் மாநில அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரரானாலும் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அட்மிஷன் போட்டால் பணம் யார் கட்டுவது என்று தூக்கிவந்தவரை மிரட்டிய காலம் அதனால் பெருமளவு போய்விட்டது. இது ஆஸ்பத்திரி பக்கத்து பயத்தைக் குறைத்தது. உங்கள் பக்கம்தான் மிச்சமிருக்கிறது.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. காலை ரோல் காலில் ஒருநாள் விதி 168ஐத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். பாரா நிற்பவரிலிருந்து ஆஸ்பத்திரி அவுட்போஸ்ட்டில் இருப்பவர் வரை காதில் விழட்டும். யாராவது அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்த்தால், "ரொம்ப நன்றிங்க, நீங்க கிளம்பலாம். ஏதாவது பார்த்திருந்து சொல்லணும்னு தோணுச்சுன்னா இந்த நம்பருக்குப் பேசுங்க" என்று முதல் வாக்கியம் வரட்டும். கேள்வி எதுவும் அதற்கு அப்புறம். பல ஸ்டேஷன்களில் ஏற்கெனவே இப்படித்தான் நடக்கிறது என்று கேள்விப்படுகிறேன். கை கழுவத் தண்ணீரும் டீயும் வாங்கிக்கொடுத்து அனுப்பிய ஒரு எஸ்ஐ அம்மாவைப் பற்றி லாரிக்காரர் ஒருவர் வாய் ஓயாமல் சொல்வார். அப்படிப்பட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், இது உங்களுக்கான மடல் இல்லை.

உதவியவரின் உரிமைகளை மருத்துவமனை நுழைவாயிலில் தமிழிலும் எழுதி வைக்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. அது மருத்துவமனைகளின் வேலை. ஆனால் விசாரணைக்கு அங்கே போகும்போது பலகை இல்லை என்றால், ஏன் இல்லை என்று கேட்க உங்களைவிடத் தகுந்த ஆள் யார்?

அப்புறம், பள்ளிகளுக்கும் ஐடிஐகளுக்கும் ஹெல்மெட் பற்றிப் பேசப் போகிறீர்கள் அல்லவா, அதில் ஐந்து நிமிடம் இதற்குக் கொடுங்கள். கூட்டம் ஏன் உறைந்து நிற்கிறது என்று சொல்லிக்கொடுத்தால் பலன் இருக்கிறது. 1978இல் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தார்கள். இந்தப் பாடத்தைக் கேட்ட மாணவர்களில் 43 சதவீதம் பேர் இரண்டு வாரம் கழித்து வழியில் கிடந்த ஒருவருக்கு உதவினார்கள். கேட்காதவர்களில் 25 சதவீதம். பிள்ளைகளிடம் சொல்லவேண்டியதும் சின்ன விஷயம்தான். "யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்று கத்தினால் யாரும் கூப்பிட மாட்டார்கள். "நீலச் சட்டை அண்ணே, நீங்க 108க்குப் போடுங்க. அக்கா, நீங்க அந்தப் பக்கம் வண்டியை நிறுத்துங்க" என்று ஆளைக் காட்டிச் சொன்னால் இருவரும் செய்துவிடுவார்கள். அதுவரை அந்த நீலச் சட்டைக்காரரும் யாராவது தன்னிடம் ஒரு வேலை சொல்ல மாட்டார்களா என்றுதான் நின்றுகொண்டிருப்பார்.

எங்கள் ஸ்டாண்டுக்கு ஒருநாள் நீங்களோ உங்கள் எஸ்ஐயோ வர முடியுமா? சவாரி குறைவான நேரம் மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு. எல்லோரையும் உட்காரவைப்பது என் பொறுப்பு, கடை முன்னாலேயே நிழல் இருக்கிறது. சாவியைத் திரும்ப வாங்க இரண்டு நாள் நடந்த அந்த ஷேர் ஆட்டோக்காரரும் வருவார். அவர் கேட்கிற கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், எனக்குத் தெரியாது. சீருடையில்லாமல் வந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஜிஎஸ்டி சாலையோர பேட்டரிக் கடைக்காரன்